சீமைப் பெருச்சாளிகளுக்குப் படுக்கை

1904 ஜூலை 4, திங்கள்

பள்ளிக்கூடம் இருந்தது. சின்ன வகுப்பில் பதினாறு பிள்ளைகள், அதில் ஏழு பேருக்கு இருமல். வீட்டுக்கு வந்து என் அறைக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

கலியாணம் முடிந்து இன்றோடு பன்னிரண்டு வாரம். என் தம்பி ஏசுபாதம் கட்டிக்கொண்டு வந்த மகராசி வின்னி என்ன சீர் கொண்டுவந்தாள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வேதாகமம், கம்பி அடித்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் இரண்டு சீமைப் பெருச்சாளிகள். கினிப்பன்றி என்று சொல்ல வேண்டுமாம். பெங்களூர் போர்டிங் பள்ளித் துரைசானி கப்பலேறும்போது வின்னிக்குக் கொடுத்துவிட்டுப் போனாளாம். வால் இல்லை, வாய் உண்டு. கீரைக்கட்டைத் தொட்டால் போதும், வீல் வீல் என்று ஒரே கூப்பாடு. ஒன்று டெய்சி, ஒன்று ரோசி.

இருப்பது இரண்டு அறை. முன்னறை அவர்களுக்கு. இந்தச் சின்ன அறை எட்டு வருஷமாக என்னுடையது. கூண்டு இங்கேதான் இருக்கிறது. "அங்கதான் காத்து அடிக்காது அக்கா, அடுப்புப் பொகையும் வராது" என்றாள். எனக்கா தெரியாது? நாற்றம் தாங்காமல் நானே கிளம்பட்டும் என்றுதான். சுரங்கக் கம்பெனி கொடுத்த இந்த லைன் வீடு தம்பி பெயரில் இருக்கிறது. கோலாரில் மிஷன் நடத்தும் பைபிள் ஸ்திரீகள் இல்லத்தில் ஒரு கட்டில் காலி என்று உபதேசியார் அவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

நான் போவதாக இல்லை. போக வேண்டியது நாற்றம்தான்.

ஜூலை 6, புதன்

அவள் கூண்டில் போடுவது கேழ்வரகுத் தாள், வைக்கோல் மாதிரி. அது ஈரத்தைக் குடிப்பதே இல்லை. மேலே காய்ந்த மாதிரி கிடக்கிறது, கையை விட்டால் அடியில் சேறு. தூக்கம் போயிற்று.

ஜூலை 9, சனி

மரக் கொட்டடிக்குப் போனேன். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரமெல்லாம் அங்கேதான் அறுக்கிறார்கள். மேஸ்திரி தங்கவேலு ஒரு கோணி மரத்தூள் கொடுத்தார். "இன்னா டீச்சரம்மா, அடுப்புக்கா?" என்று கேட்டார். எலிக்கு என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ரம்பம் பிடித்தவனும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினேன். மூத்திரம் விழுந்த இடம் உடனே கட்டியாகிறது. அதை மட்டும் அள்ளிப் போடலாம். நாற்றம் பாதி குறைந்தது. வின்னி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 12, செவ்வாய்

டெய்சி தும்முகிறது. இரண்டு கண்ணிலும் நீர். வின்னி என்னிடம் சொல்லவில்லை, ஷிப்ட் முடிந்து வந்து படுத்த தம்பியை எழுப்பி, எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள்: "தூளு மூக்குல ஏறுதுங்க. தூளு ஆவாது. ஆசாரிங்க இழைக்கிற சீவல்னா பரவால்ல."

தம்பி சுரங்க வாயில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடிக்கிறவன். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனுக்கு எலித் தும்மல் சேதி.

அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

ஜூலை 23, சனி

இரண்டு வாரத்தில் பார்த்தவை:

உமி. லேசு, வாங்கவும் சுலபம். ஆனால் முனை ஊசி மாதிரி. ரோசியின் கண்ணோரம் ஒன்று குத்திவிட்டது. குப்பையில் கொட்டினேன்.

பழந்துணி. வின்னி தன் பழைய உள்பாவாடையைக் கிழித்துப் போட்டாள். ஒரே நாளில் நனைந்து, மறுநாள் அதையே கடித்துத் தின்றன. துவைத்துக் காயப் போட்டால் கொடியில் எங்கள் துணிக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. தூ.

காகிதம். நான் ஆறு வருஷமாக மாதம் தவறாமல் சேர்த்து வைத்திருந்த மிஷன் பத்திரிகை, அதில் ஒரு வருஷத்தைக் கிழித்துக் கூண்டில் போட்டிருக்கிறாள்! கேட்டால், "பழைய காயிதம்னு நெனச்சேன் அக்கா, மன்னிச்சுக்கோங்க" என்கிறாள். கண்ணில் தண்ணீர் வேறு. நான் என்ன அடித்தேனா? பக்கத்து வீட்டுக் கங்கம்மா பார்த்தால் நான் கொடுமைக்காரி. இதுங்க மூத்திரம் பேயறதுக்கா நான் சேத்து வெச்சேன்?

சீவல்தான் ஒத்து வருகிறது. தூசியில்லை, மெத்தென்று இருக்கிறது. ஆனால் ஆசாரிக் கொட்டகையில் வாரம் ஒருமுறைதான் தருகிறார்கள், அதுவும் மழையில் நனையாமல் இருந்தால்.

ஆகஸ்டு 7, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்ததும் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். வின்னி முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம்.

ஸ்தோத்திரம் என்றேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், ஒரு நிமிஷம். அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டான்: "கொழந்த பொறந்தா எடம் பத்தாதேக்கா. கோலார்ல நல்லா பாத்துக்குவாங்களாம். உனக்கும் ஓய்வா இருக்கும்."

ஓய்வாம். அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் பேதியில் போனபோது இவனுக்குப் பத்து வயது, எனக்குப் பதினெட்டு. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி தலையெடுக்கட்டும் என்றேன். தலையெடுத்துவிட்டான். இப்போது நான் கட்டில் காலியாக இருக்கும் ஊரைப் பார்த்துப் போக வேண்டும்.

இதெல்லாம் அவன் யோசனையா? அவனுக்கு யோசிக்கத் தெரியாது. பின்னால் இருந்து ஊதுகிறவள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டு 17, புதன்

மசக்கை. கூண்டுப் பக்கம் வந்தாலே வாந்தி எடுக்கிறாள். எனவே அவளுடைய பெருச்சாளிகளுக்கு வேலைக்காரி நான். கட்டிலில் படுத்தபடி அவள் உத்தரவு போடுகிறாள்: மூலையில பாருங்க அக்கா, அடியில பாருங்க அக்கா.

ஐந்து நாளாக மழை. சீவல் இல்லை. நாற்றம் என் சேலையில் ஏறிவிட்டது. வகுப்பில் ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள்.

ஆகஸ்டு 27, சனி

இன்று வழி கிடைத்தது. மணல்.

தங்கம் எடுத்த பிறகு சயனைடுக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து கொட்டும் வெள்ளை மணல். மாவு போல நயமாக இருக்கும். லைன் பெண்கள் எல்லாரும் பித்தளை துலக்க அதைத்தான் எடுக்கிறார்கள். கங்கம்மாவிடம் ஒரு கூடை இரவல் கேட்டேன். "பழைய மேட்டுல எடு டீச்சரம்மா. நாலு மழ பாத்தது அது. புதுசுல தங்கம் எடுக்குற மருந்து இன்னும் கீது, கைய அரிக்கும்" என்றாள்.

பழைய மேடு அரை மைல் தள்ளி. தூறல் வேறு. கிட்ட இருந்ததிலேயே ஒரு கூடை அள்ளி வந்தேன்.

கூண்டு இப்போது பளிச்சென்று இருக்கிறது. டெய்சிக்கு மணல் பிடிக்கவில்லை போல, உள்ளே இருக்கும் மரப்பெட்டியை விட்டு இறங்கவில்லை. ரோசி நடந்து பார்க்கிறது, நின்று நின்று பாதத்தை நக்கிக்கொள்கிறது.

ஆகஸ்டு 28, ஞாயிறு

நாற்றமே இல்லை. நன்றாகத் தூங்கினேன். எந்த உபதேசியார் வந்தாலும் என் அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பேன்.

ஆகஸ்டு 30, செவ்வாய்

ரோசி செத்துவிட்டது.

விடிந்து பார்த்தபோது ஒருக்களித்துக் கிடந்தது. விறைத்துவிட்டது. வாயைச் சுற்றி நுரை காய்ந்திருந்தது. பிறகு மணலை முழுதும் வாரி முற்றத்து ஓரத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பழைய கேழ்வரகுத் தாளையே எடுத்துக் கூண்டில் பரப்பினேன். அதன் மேல் ரோசியைக் கிடத்தினேன். அதற்குப் பிறகுதான் வின்னியைக் கூப்பிட்டேன்.

அவள் அழவில்லை. கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்டு 31, புதன்

தம்பி அவள் மேல் பாய்ந்தான். ஈரக் கோஸ் இலையைப் போட்டாளாம், அதுதான் வயிறு ஊதிச் செத்ததாம். "ஒரு எலியக் காப்பாத்தத் துப்பில்ல, நீ கொழந்தைய வளக்கப் போறியா?" என்று கேட்டான். அந்த வார்த்தையை வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சொல்லலாமா?

அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

செப்டம்பர் 3, சனி

கங்கம்மா சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. புது மேட்டு ஓடைத் தண்ணீரைக் குடித்து போன வருஷம் ஒரு மாடு செத்தது, அதுவும் தெரியும். தூறல் ஒரு சாக்கா? அந்தத் தூறலில் பிள்ளைகள் கூட விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

செத்தால் சாகட்டும் என்று நினைத்தேனா?

இல்லை. இல்லை என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அள்ளும்போது, பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. என்ன பார்க்கலாம்?

செப்டம்பர் 10, சனி

வின்னியைத் தம்பி பெங்களூருக்கு அனுப்பிவிட்டான். பேறுகாலம் வரை அவள் சித்தி வீட்டில் இருக்கட்டுமாம். ஐந்தாம் மாதம் கூட ஆகவில்லை. சித்திக்கு இவளைக் கண்டால் ஆகாது. சின்ன வயதிலேயே போர்டிங்கில் கொண்டுபோய்த் தள்ளியவள் அவள்தான். பௌரிங்பேட்டையில் வண்டி மாற வேண்டும், தனியாகப் போனாள். டெய்சியை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள்.

கோலார்ப் பேச்சும் நின்றது. சோறாக்க ஆள் வேண்டுமே. வீடு பழையபடி எனக்குத்தான்.

செப்டம்பர் 14, புதன்

ஒற்றைப் பெருச்சாளி கூப்பாடு கூடப் போடுவதில்லை.

செப்டம்பர் 24, சனி

இப்போது படுக்கை சரியாக அமைந்துவிட்டது. அடியில் நான்கு விரல் சீவல், ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மேலே வெயிலில் இரண்டு நாள் காய்ந்த புல். புல்லை அது தின்றாலும் கெடுதல் இல்லை, உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளவும் ஆகிறது. ஈரமான மூலையைத் தினம் காலையில் எடுத்துவிட வேண்டும், முழுதும் மாற்றுவது வாரம் ஒருமுறை. சீவலை மழைக்கு முன்பே வாங்கிக் கோணியில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட்டேன். இவ்வளவுதான். ஜூலையிலேயே இதைச் செய்திருக்கலாம்.

அக்டோபர் 3, திங்கள்

வின்னியிடமிருந்து கடிதம் வந்தது. என் பெயருக்கு.

நலம் விசாரித்திருக்கிறாள். பிறகு எழுதியிருக்கிறாள்: "அன்று ரோசியின் பாதத்தைத் துடைத்தேன். விரலிடுக்கில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. கூண்டிலோ கேழ்வரகுத் தாள் இருந்தது. அப்போதே தெரிந்துகொண்டேன். உங்கள் தம்பியிடம் சொல்லியிருந்தால் மறுநாளே உங்களைக் கோலாருக்கு அனுப்பியிருப்பார். அவர் அதைப் பேசும்போதெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லி வந்தேன். அடுத்தவர் வீட்டில் ஒரு கட்டிலுக்காக அண்டியிருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் அக்கா. டெய்சிக்கு அடிப்படுக்கை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். மூன்று மாதமாக ஒவ்வொரு பதிலாகச் சேர்த்து வைத்திருந்தேன். இவ யாரு எனக்கு இரக்கப்பட? எனக்காக ஏச்சு வாங்கச் சொல்லி நான் கேட்டனா? தெரிஞ்சும் வாய மூடிக்கினு ரயில் ஏறிப் போனாளே, பாவி.

அக்டோபர் 4, செவ்வாய்

தம்பியிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேட்டு மணல், கங்கம்மா சொன்னது, தாளை மாற்றிப் போட்டது, எல்லாம். கடிதத்தையும் கொடுத்தேன்.

படித்துவிட்டுப் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான். "அவள நான் இன்னா பேச்சு பேசினேன்" என்றான். கொஞ்சம் கழித்து என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "கோலாருக்கு நீயே எழுதிர்றியா, நான் எழுதட்டா?"

நானே எழுதுகிறேன் என்றேன்.

அக்டோபர் 8, சனி

காலை வண்டியில் அவளை அழைத்துவரப் போயிருக்கிறான். நான் பெட்டி கட்டிவிட்டேன். பத்திரிகைக் கட்டு, இரண்டு கம்பளி, சேலைகள். டெய்சிக்குப் படுக்கை முழுதும் மாற்றினேன். என்றைக்கு எதை எடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கூண்டின் மேல் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, திங்கள்

நேற்று மாலை வந்தார்கள். வின்னி மெலிந்திருக்கிறாள், வயிறு மட்டும் தெரிகிறது. வாசலில் இருந்த என் பெட்டியைத் தாண்டி நேராகக் கூண்டுக்குப் போனாள். சீவலுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. காகிதத்தைப் படித்தாள். பிறகு எழுந்து வந்து தம்பியிடம், "பொட்டி நடையில கெடக்குது, எடுத்து உள்ள வைங்க" என்றாள்.

அவன் நின்றான்.

"உள்ளன்னா அக்கா ரூம்ல. அவங்க போனா நானும் போறேன். அப்புறம் கேஜ் மணி அடிச்சிட்டு வந்து நீங்களே ஆக்கித் தின்னுங்க." அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். பெட்டியைத் தூக்கினான்.

நான் அவளிடம் ரோசியைப் பற்றிச் சொன்னேன். தெரிந்தே செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். "தெரியும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கூண்டை முன்னறைக்கு மாற்றட்டுமா என்று கேட்டாள். அங்கே காற்று அடிக்கும், அது இங்கேயே கிடக்கட்டும் என்றேன். அப்படியானால் புல்லைக் குறையுங்கள், இவ்வளவு போட்டால் மூச்சு முட்டும் என்றாள். முட்டாது, பதினைந்து நாளாக நான்தான் பார்க்கிறேன் என்றேன். முட்டும் என்றாள். தம்பி வெளியே போய்விட்டான். விளக்கேற்றும் வரை இதே பேச்சு.

அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு பிடி புல்லை எடுத்துவிட்டேன்.