அத்தான் இல்லாத கடை

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் வாண்டுகளும் நலம்தானே? போனில் கூப்பிட்டால், "கடைக்கு ஆள் வந்துட்டாங்க அத்தான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதேயில்லை. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்துவிட முடியாது பார்!

இங்கே பொம்மைப் படத்துக்காக இப்போது ஒரு குழாய் ரிப்பேர்க்காரரைச் செய்துகொண்டிருக்கிறேன். களிமண்ணில் ஒரு சாண் உயரம். அவர் தொட்டிக்கு அடியிலிருந்து எழுந்திருக்கும்போது தலையை இடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடிக்கு அவர் புருவம் மேலே போகிறதே, அதற்கு மட்டும் எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கொஞ்சம் நகர்த்துவது, ஒரு போட்டோ எடுப்பது, மறுபடியும் கொஞ்சம் நகர்த்துவது. நேற்று எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். மனுஷன் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தார் மச்சான்! டைரக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் களிமண் பிசைந்து அடி வாங்கியவன் நான். நாற்பத்தெட்டு வயதில் அதே காரியத்துக்கு என்னைத் தட்டிக்கொடுக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையிலிருந்து ஒரு வருஷம் விடுப்பு என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? அது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. டைரக்டர் அம்மா பெரிய படம் ஒன்று தொடங்கப்போகிறார்கள். "நிரந்தரமா இங்கேயே இருந்துடுங்க. இருபதாம் தேதிக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க" என்கிறார்கள். எனக்குக் கொள்ளை ஆசைதான். ஆனால் மாமா அந்த மூக்குக் கண்ணாடிக் கடையை நம் இரண்டு பேர் கையிலும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனவர். உன்னைத் தனியாக அல்லாடவிட்டுவிட்டு நான் இங்கே பொம்மைக்குப் புருவம் வைத்துக்கொண்டிருந்தால் நியாயமா? எந்த வேலையில் இருந்தாலும் இதே யோசனை.

மனசில் இருப்பதை எழுது. "வாங்க" என்று ஒரு வார்த்தை போதும், மூட்டையைக் கட்டிவிடுவேன்.

அன்புடன்,
உன் அத்தான்


ஜூன் 10

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. குழாய் ரிப்பேர்க்காரர் தலையை இடித்துக்கொண்ட சங்கதியை உங்கள் மருமகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். சின்னவன் மேசைக்கு அடியில் போய்த் தானும் இடித்துக்கொண்டான். வீக்கம் வடிந்துவிட்டது.

கடை நடக்கிறது. நீங்கள் இல்லாமல் கடை கடையாகவா இருக்கும்? வருகிறவர்கள் எல்லோரும் முதலில், "பெரியவர் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். வாசலில் நின்றே கேட்கிறார்கள். உங்கள் நாற்காலியில் நான் யாரையும் உட்காரவிடுவதில்லை. ஏதோ என்னால் முடிந்த அளவுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு நான் என்ன சொல்வது? நீங்கள் பெரியவர். எது நல்லது என்று உங்களுக்குத் தெரியாததா? எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் உங்கள் பாப்பாவும் நலம். பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மச்சினன்


ஜூன் 18

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ ஒரு இடத்திலும் "வாங்க" என்று எழுதவில்லை. நீ எழுதமாட்டாய், எனக்குத் தெரியாதா? எப்போதுமே உன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உனக்குக் கிடையாது. ஆனால் வாசலில் நின்று என்னைக் கேட்கிறார்களாம். என் நாற்காலி அப்படியே இருக்கிறதாம். இதற்கு மேலும் எனக்குப் புரியவில்லை என்றால் நான் என்ன மனுஷன்?

நேற்று டைரக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கடையில நான் இல்லாம முடியலையாம். மச்சினன் தனியா கிடந்து திண்டாடறான்" என்றேன். அந்த அம்மா கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தார்கள். பிறகு, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். பிறகு அறைக்கு வந்து அழுதேன், அது வேறு விஷயம். உன் அக்காவிடம் சொல்லாதே.

குழாய் ரிப்பேர்க்காரரை என்னோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றேன். கடையில் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

முப்பதாம் தேதி காலை பஸ். நேராகக் கடைக்கே வருகிறேன். நீ இனி நிம்மதியாக இரு. பழையபடி நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
உன் அத்தான்


ஜூன் 22

அத்தான்,

மூட்டையை அவிழுங்கள். பஸ் ஏறாதீர்கள். டைரக்டர் அம்மாவிடம் இன்றைக்கே ஓடிப்போய், சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

சொல்லிவிட்டீர்களா? இனிப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும், "சொல்லு மச்சான்!" என்று அவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள். "சாப்பிட்டீங்களா அத்தான்?" என்று கேட்டு வைத்துவிட்டேன். எழுத்தில்தான் எனக்குத் தைரியம் வரும் போலிருக்கிறது. கோபம் வந்தால் வரட்டும்.

அத்தான், கண்ணாடி வேலை உங்களுக்கு வராது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கண் உங்களுக்கு இடது கைப் பக்கம் தெரியும். அதை அப்படியே இடது என்று எழுதிவிடுவீர்கள். அந்தக் கண்ணுக்கு உள்ள லென்ஸ் இந்தக் கண்ணுக்குப் போய்விடும். "ப்ரேம் கொஞ்சம் லூஸா இருக்கு, நாளைக்கு வாங்க" என்று நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! லூஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நீங்கள் சாப்பிடப் போன பிறகு கழற்றி மாற்றிப் போடுவேன். தலைமையாசிரியர் மட்டும் நான் இல்லாதபோது வாங்கிக்கொண்டு போய்விட்டார். தம் வீட்டுப் படியிலேயே உருண்டார். படி கட்டிய கொத்தனாரை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"பெரியவர் எங்கே?" என்று கேட்கிறார்கள் என்றேனே, அது சத்தியம். நீங்கள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வருகிறார்கள்.

இந்த ஒரு வருஷமாகக் கடை நன்றாக நடக்கிறது அத்தான். நான் ஒரு வேலையை ஒரு தடவைதான் செய்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளோடு விளையாடப் போகிறேன். போனில் ஆள் வந்துவிட்டார்கள் என்று சொன்னது சாக்கு அல்ல, நிஜமாகவே வந்தார்கள்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அக்கா வீட்டுக்காரரிடம் போய், "உங்களுக்கு வேலை தெரியல" என்று எந்த மச்சினன் சொல்வான்? அதுவும் உங்களிடம்? அப்பா போன அன்றைக்கு என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். நீங்கள் கடைக்கு வருவது எனக்குப் பிடிக்கும். வேலை செய்வதுதான் பிடிக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். கண்ணைக் காட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தைகள் உங்களைப் பார்த்தால் மட்டும் சிரிக்கும். ஒரு களிமண் உருண்டையை மூக்கும் முழியுமாக ஆக்கிக் கையில் கொடுத்துவிடுவீர்கள். நான் அந்த நேரத்தில் சோதனையை முடித்துவிடுவேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், நீங்கள் இருக்க வேண்டிய இடம் கடை இல்லை என்று. அதையும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அதிர்ந்துபோவாள் என்று பார்த்தால், "என் கண்ணாடியை நான் ஏன் உன்கிட்டயே செஞ்சுக்கிட்டேன்னு நினைச்சே? இதை அவர்கிட்ட யார் சொல்றதுன்னுதான் இவ்வளவு நாளா பார்த்துக்கிட்டிருந்தேன்" என்கிறாள். அவளும் பாப்பாவும் அங்கேயே குடிவரத் தயாராம். வீடு பாருங்கள்.

வராதீர்கள் அத்தான். தயவுசெய்து வராதீர்கள்.

உங்கள் மச்சினன்


ஜூன் 27

அடப்பாவி மச்சானுக்கு,

முதல் நாலு வரியைப் படித்ததுமே ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. டைரக்டர் அம்மா குழாய் ரிப்பேர்க்காரருக்குப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் போகலம்மா" என்றேன், மூச்சு வாங்க. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நீங்க சொன்னப்பவே உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அந்த இடத்துக்கு நான் யாரையும் எடுக்கல. போய் வேலையைப் பாருங்க" என்றார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் மிச்சத்தைப் படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். எனக்கா வேலை வராது? சுறுசுறுவென்று வந்தது. டீ ஆறுவதற்குள் அது போய்விட்டது. எதிரே இருந்த பொம்மையின் வலது கை எது என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். தப்பு.

மச்சான், நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கடை பிடித்ததே இல்லை. ஒரு நாள் கூட. மாமா கேட்டார் என்று உட்கார்ந்தேன். அவர் போன பிறகு, நான் எழுந்து போனால் நீ ஒடிந்துபோவாய் என்று உட்கார்ந்திருந்தேன். உனக்காக நான் பொறுத்துக்கொண்டேன், எனக்காக நீ பொறுத்துக்கொண்டாய். நடுவில் அந்தத் தலைமையாசிரியர்தான் படியில் உருண்டார்! இதை உன் அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே அழுதாள் என்று நினைக்கிறேன். நானும்தான்.

ஆனால் நான் சாப்பிடப் போன நேரத்தில் நீ பட்டினியாக உட்கார்ந்து என் வேலையைத் திருத்தியிருக்கிறாயே, அதை நினைத்தால் நெஞ்சை என்னமோ செய்கிறது. என் மரியாதையைக் காப்பாற்ற உன் பிள்ளைகளோடு விளையாடும் நேரத்தை எல்லாம் கொடுத்திருக்கிறாய். இதற்கு நன்றி என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நன்றி.

வீடு பார்த்துவிட்டேன். மாடியில் இரண்டு அறை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி தெரிகிறது, அவ்வளவுதான் காட்சி. உன் அக்கா குறை சொல்ல ஏகப்பட்டது இருக்கிறது, வந்து சந்தோஷமாகச் சொல்லட்டும். என் நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே ஒரு நல்ல பெஞ்சைப் போடு. வருகிறவர்கள் உட்காரட்டும்.

அவர்களை அழைத்துக்கொண்டு வர அடுத்த மாதம் வருகிறேன். இரண்டே நாள். கடைக்கும் வருவேன், ஆனால் மேசைக்கு உள்பக்கம் வரமாட்டேன், வெளிப்பக்கம்தான். புருவ வேலை செய்து செய்து எனக்குக் கிட்டத்தில் பார்வை மங்குகிறது. ஊசிமுனை இரண்டாகத் தெரிகிறது. என்னை உட்காரவைத்து, மற்றவர்களிடம் சொல்வதுபோல, "படிங்க" என்று அதட்டிச் சொல். மரியாதை பார்க்காதே. தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அத்தான்