மோத்தியின் கீழுதடு

ஆம்பூர், 9 அக்டோபர் 1934

மழை பிடித்துக்கொண்டது. மோத்தியின் கீழுதட்டு மடிப்பில் மறுபடி சிவப்பு, பிசுபிசுப்பு, அதே நாற்றம். சீமைக்குத் திரும்பிய துரை என்னிடம் விட்டுப்போன நாய். தொங்குகிற உதட்டையும் சேர்த்துத்தான் விட்டுப்போனார்.

துடைக்கும்போதே என் மடியில் தூங்கிவிட்டது. என் வீட்டுக்காரி அஃப்ஸர் வாசலை மறித்தாள். "நாய் எச்சிலோட உள்ள வராதீங்க. குளிச்சிட்டு, லுங்கி மாத்திட்டு வாங்க." மூன்று வருஷமாக இதே பாட்டு.

12 அக்டோபர்

வேலூர் மாட்டு டாக்டர் சொன்னது: "பொறப்புலயே வந்த மடிப்பு. எச்சில் தேங்கிப் புண்ணாவுது. உப்புத் தண்ணியில கழுவி, ஈரம் இல்லாம ஒத்தி எடுங்க. தெனமும் செய்யணும்." இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்!

20 அக்டோபர்

துடைத்தேன். நாற்றம் போகவில்லை.

27 அக்டோபர்

தோல் பதனிடும் ஷாப்புக்கு மோத்தி என் பின்னாலேயே வந்தது. முதலாளி ஹயாத் பாஷா மூக்கைப் பொத்திக்கொண்டார். தோல் ஷாப்பு நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷர்! "கரீம், அடுத்த வாரம் மதராஸ் வியாபாரிங்க வர்றாங்க. அதுக்குள்ள சரியாவலன்னா அமிர்தி காட்டுல விட்டுட்டு வா. பேஜாரா இருக்கு."

காட்டில் இது ஒரு நாள் தாங்குமா? பசித்தால் என் முகத்தைப் பார்க்கத்தான் இதற்குத் தெரியும்.

28 அக்டோபர்

பச்சைத் தோல் அழுகாமல் காக்கிற மேஸ்திரி நான். ஒரு உதட்டுக்கா வழியில்லை? தோல் ஊறுகிற தொட்டியிலிருந்து ஆவாரம்பட்டைத் தண்ணீரைக் கெட்டியாக எடுத்து, துணியில் தோய்த்து மடிப்புக்குள் திணித்துக் கட்டினேன். முனகியது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன். காலையும் மாலையும் செய்ய வேண்டும்.

1 நவம்பர்

நாற்றம் போயே போச்சு! முதலாளியே கிட்டே வந்து பார்த்தார். "கெட்டிக்காரன்யா நீ."

3 நவம்பர்

வியாபாரிகள் வந்து தோலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாய்ப்பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

7 நவம்பர்

யா அல்லா. உதடு விறைத்து வெடித்துவிட்டது. உள்ளே சீழ். கஞ்சிக்கு வாயைத் திறந்தாலே ரத்தம். செத்த தோலுக்குச் செய்கிறதை உயிருள்ள தோலுக்கு — இன்னாடா செஞ்சே, கரீம்?

கை நீட்டினேன். உறுமியது. என்னைப் பார்த்து!

8 நவம்பர்

கட்டைவிரலைக் கடித்துவிட்டது. கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

9 நவம்பர்

டாக்டர் சொன்னபடியே இனிச் செய்யலாம்தான். ஆனால் யார் செய்வது? என்னை அண்டவிடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மோந்து பார்த்துவிட்டு வண்டிக்கடியில் ஓடுகிறது.

அஃப்ஸர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வாங்கினாள். "தள்ளுங்க. இத்தினி வருஷத்துப் பட்டை வாடை, உங்க கைய வுட்டுப் போவாது."

3 டிசம்பர்

புண் ஆறிவிட்டது. அஃப்ஸர் கூப்பிட்டால் தானே போய் வாயைக் காட்டுகிறது. அவள் துடைக்கிற நேரத்தில் நான் கொல்லைப்பக்கம் போவதில்லை. போனால் எழுந்து ஓடிவிடும், வேலை பாதியில் நின்றுவிடும். இன்று உள்ளே உட்கார்ந்து, நாளைக்குத் துடைக்க ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வைத்தேன்.