பாரிசுக்குப் போன கதவு

தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இனிக் கேட்கவும் வழியில்லை.

இன்று காலை துறைமுகப் பாலத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் ஈர வைக்கோல் வாடையோடு சுண்ணத் தூளின் நெடியும் அடித்தது. வைக்கோலை விலக்கினேன். எங்கள் வீட்டுத் தெருக்கதவு, இரட்டைக் கதவின் இரண்டு பாதியும், உள்ளே கிடந்தது. நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்று நான் நம்பிய கதவு.

பாரிசில் காலனி நாடுகளுக்கெல்லாம் பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது, அதில் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு மண்டபம் உண்டு என்று அளவு நாடாவும் கையுமாக நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறது. பொதுப்பணி அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர் நீங்கள். மண்டபத்துக்கு மாதிரியாக எங்கள் வீட்டை வரையும் வேலை உங்களுக்கு வந்திருந்தது.

"அச்சு அசலா நம்ம ஊரு வீடுதான் டீச்சரம்மா. முற்றம், வட்டத் தூணு, மேல மாடி, எல்லாம் இருக்கும்."

"கல்லிலா, செங்கல்லிலா?" என்று கேட்டேன்.

உங்கள் குரல் தணிந்தது. "மரச் சட்டம் அடிச்சி, மேல சணல் கலந்த சுண்ணம் பூசுவாங்களாம். ஆறு மாசம் நின்னா போதும்னுட்டாங்க."

"அப்போ பொய் வீடு."

"அதனாலதான் நெசமா ஒரு கதவாவது இருக்கட்டும்ன்றேன். உங்க கதவைக் குடுங்க. முடிஞ்சதும் திரும்ப வந்துடும்."

கதவைத் தர ஒப்புக்கொண்டேன். நீங்களோ கதவு மாட்டியிருக்கும் நிலையையும் சேர்த்துக் கேட்டீர்கள். எங்கள் கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் நிலையில் உள்ள குழிகளில் உட்கார்ந்து சுழலும். நிலை இல்லாமல் அங்கே மாட்டத் தெரியாது என்றீர்கள். நான் மறுத்தேன். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, அடியில் பொன் வைத்து நிறுத்திய நிலை. வீட்டை இடிக்கும் நாளில்தான் அதைப் பெயர்ப்பார்கள். அம்மா இருந்தால் சம்மதிக்க மாட்டாள் என்று சொன்னேன். உண்மையில் பயந்தது நான்தான்.

"பி.ஏ. படிச்ச நீங்களா இப்படிப் பேசறது? எங்க வீட்டுல மாதா கோயில் சாமியாரைக் கூப்ட்டுத் தீர்த்தம் தெளிச்சப்ப எவ்ளோ சிரிச்சீங்க!" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து நிலையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்துகொண்டு போனீர்கள். தராத நிலையை எதற்கு அளக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

மறு வருடம் மண்டபத்தின் படம் போட்ட தபாலட்டையைக் கொண்டுவந்தீர்கள். உயரத் தூண்கள் எங்கள் வீட்டுத் தூண்களே. ஆனால் வாசலின் இருபுறமும் இரண்டு யானைகள் நின்றன.

"இந்த ஊர்ல எந்த வீட்டு வாசல்ல யானை நிக்குது?"

"நானும் அதையேதான் கேட்டேன். ஜனங்க யானையைப் பாக்கத்தான் வருவாங்களாம்."

இருவரும் சிரித்தோம். ஆனால் அட்டையை என் கையில் நீங்கள் தரவில்லை. கதவு இருந்த இடத்தில் உங்கள் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. வாங்கக் கை நீட்டியபோது சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

கண்காட்சி முடிந்து மண்டபத்தை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கதவு வரவில்லை. ஒரு வருடம் வாசலில் மூங்கில் தட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் முதலியார்பேட்டைக்கு வந்து, உங்கள் வீட்டு வாசலில், தெருவே கேட்கும்படி கேட்டேன்: "கதவை வித்துட்டீங்களா?"

"வரும் டீச்சரம்மா" என்றீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு நான் வரவில்லை.

இப்போது கதவு என் முன்னால் கிடக்கிறது. நான்கு குடுமிகளையும் ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். தாமரை வரிசையின் மேலேயே இரும்புக் கீல்களை அறைந்து, பிறகு பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். பெட்டியின் பக்கப் பலகையில் மெழுகுத்துணிச் சுருள் ஒன்று கட்டியிருந்தது. கதவை அனுப்பும்போது நீங்கள் இங்கே போட்ட அதே முடிச்சு. யாரும் அவிழ்க்கவே இல்லை. உள்ளே எங்கள் நிலையின் வரைபடம், ஒவ்வொரு குழியின் ஆழத்தோடும். அடியில் உங்கள் அழகான கையெழுத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்தது: முதலில் இந்த நிலையைச் செய்யவும். குடுமிகளை அறுக்கக் கூடாது. இரண்டாவது வரியின் கீழ் இரண்டு கோடுகள்.

அந்தத் தபாலட்டையில் கீல்களைப் பார்த்துத்தான் விரலால் மறைத்தீர்கள். சொல்லியிருந்தால் என் பிடிவாதம்தான் காரணம் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்கும். என்னைக் காப்பாற்றினீர்களா, அல்லது உங்களுக்கே வெட்கமாக இருந்ததா? உங்களைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தெருவே கேட்க நான் கேட்ட அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கப்போகிறது.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் குறித்துவிடுகிறேன்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு உங்கள் மனைவியிடம் போனேன். கதவு வந்துவிட்டது, நீங்கள் அதை விற்கவில்லை, நான் கேட்டது தப்பு என்றேன். அவர் வரைபடத்தை வாங்கவில்லை.

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவரு சோறே துண்ணல. என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? தெருவுல கேட்டீங்க, தெருவுல சொல்லுங்க."

தெருக் கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். வகுப்பறைக்கு வெளியே குரலை உயர்த்திப் பழகாத நான் அவர்களிடம் போய்ச் சொன்னேன். கதவு கெட்டதும் என்னால்தான் என்றேன். ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சரி டீச்சரம்மா, கேட்டுக்கினோம்" என்றாள்.

உங்கள் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"கோடி வூட்டுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

தெருக்கோடி வீடு வரை நடந்து போய், மறுபடியும் சொன்னேன்.