பனி வெயில் சுட்ட கண்

சுன்னாகம்
14.06.1989

அன்பு மகன் யோகனுக்கு,

இஞ்சை நானும் அப்பாவும் சுகம். உன்ரை சுகத்தை உன்ரை கையெழுத்திலை கண்டபிறகுதான் ஆறுதலாய் இருந்து இதை எழுதிறன்.

முதல் வந்த கடிதத்தின்ரை மேல்விலாசம் உன்ரை கையெழுத்து இல்லை, வேறை ஆரோ எழுதினது. உடைக்கப் பயந்து, வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த அப்பாவிட்டைக் குடுத்தன். அவர் கையைச் சாறத்திலை துடைச்சுப்போட்டு உரக்க வாசிச்சார். உன்ரை அறையிலை இருக்கிற சிமியோன் தம்பி, நீ சொல்லச் சொல்ல எழுதினதாம். ரெண்டுபேரும் பனிமலை ஏறினதும், உச்சி வெயிலுக்கை நீ கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் படம் எடுத்துக்கொண்டே நடந்ததும், பின்னேரம் கண்ணுக்குள்ளை மணல் கொட்டினமாதிரி எரிஞ்சு ஒண்டும் தெரியாமல் போனதும், அந்தப் பிள்ளை தன்ரை இடுப்புப் பட்டியைப் பிடிக்கச் சொல்லி உன்னைக் கீழை இறக்கினதும் எல்லாம் அதிலை இருந்திது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் போனார். பனியிலை பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைச் சுடுறது, ரெண்டு மூண்டு நாளிலை மாறும், இந்தக் கடிதம் வந்து சேர முதலே பெடியனுக்குச் சுகம் வந்திருக்கும் எண்டு டொக்டர் சிரிச்சாராம். வந்து எனக்குத் தைரியம் சொன்னவரும் அப்பாதான், பிறகு தபால்காரர் மணி அடிக்கேக்கையெல்லாம் என்னை முந்திப் படலைக்கு ஓடினவரும் அவர்தான்.

போன கிழமை நீ எழுதினது படங்களோடை வந்திது. கோவிக்காதை, மத்தியானம் எடுத்ததெல்லாம் ஒரே வெள்ளை, மலை எது வானம் எது எண்டு தெரியேல்லை. முன்வீட்டு நாகலிங்கம் அண்ணை, உது ஆனையிறவு உப்புக் குவியலோ எண்டு கேட்டார். உதுக்கோ பிள்ளை கண்ணைக் குடுக்கப் பாத்தவன் எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. ஏறத் தொடங்கேக்கை காலமை எடுத்த படம் மட்டும் நல்ல வடிவு, வெயில் சரிஞ்சு விழுந்து மலையின்ரை மடிப்பெல்லாம் துலங்குது. அதை அப்பா சாமிப்படத்துக்குப் பக்கத்திலை கொழுவி வைச்சிருக்கிறார். படம் எடுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, அங்கை நீ சந்தோஷமாய்ச் செய்யிறது அது ஒண்டுதான் எண்டு தெரியும். காலமையிலையும் பின்னேரத்திலையும் எடு, உச்சி வெயிலுக்கை ஒரு இடத்திலை இருந்து சாப்பிடு, கண்ணாடியை மட்டும் கழட்டாதை, தனியப் போகாதை. கண்ணை டொக்டரிட்டை இன்னொருக்காய்க் காட்டு, மறக்காதை.

சிமியோன் தம்பியின்ரை தாய் எங்கை இருக்கிறா எண்டு கேட்டு விலாசம் அனுப்பு. தன்ரை பிள்ளை அங்கை என்ன செய்தவன் எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். நான் எழுத வேணும்.

உன்ரை கண்ணுக்கு அம்மாளாச்சி துணை நிக்கட்டும். நல்லாயிரு ராசா.

அன்புள்ள அம்மா,
பூரணம்