பாட்டுக்காக எடுத்த படம்

அக்கா,

அரக்கோணத்திலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார். உங்கள் கேமரா பையை என் கையில் கொடுத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க" என்றார். டீகூடக் குடிக்கவில்லை. அவர் போன பிறகு திறந்தேன். அடியில், நீங்கள் எங்களை எடுத்ததெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க். பை முழுக்க யூகலிப்டஸ் தைல வாசனை. தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் தாங்காமல் அதை மூக்கடியில் தடவிக்கொண்டுதான் நீங்கள் ஆம்பூரில் சுற்றினீர்கள். "எங்களுக்கு நாத்தமே தெரியாதுக்கா" என்று நான் சொன்னபோது, "அதையும் படத்துல வைக்கணும்" என்றீர்கள்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் முதல்முறையாகப் பெரிய இசை நிகழ்ச்சி. பாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது தோல் பதனிடப் போவார்கள், மீதிப் பேர் வீட்டில் ஷூ கம்பெனிக்கு. நாங்கள் பாடிப் பழகுவதை ஆவணப்படமாக எடுக்க நீங்கள் ஒற்றை ஆளாக வந்தீர்கள். முதலில் கேமராவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். பிறகு நீங்கள் இருப்பதையே மறந்துபோனோம். நான் தனியாகப் பாட வேண்டிய இடத்தில், மேலே போகும்போது குரல் உடைந்துகொண்டே இருக்கும். கேமராவுக்குப் பின்னாலிருந்து, "உடையட்டும். இன்னொரு தடவ" என்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை, வீட்டிலிருந்து ஒத்திகைக்கு நான் வரும் வழியை எடுப்பதற்காகக் கூடவே வந்தீர்கள். நைனாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவது என் வழக்கம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். டேனரியின் பின்வாசலில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் கழிவுநீர்த் தொட்டி தெரியும். நைனா வந்தார். கேமராவைப் பார்த்ததும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னா, பாட்டு வந்துச்சா?"

"மேல போவ மாட்டேங்குது நைனா."

"போவும், போவும்."

உள்ளேயிருந்து மேஸ்திரி கத்தினார். "தொட்டி அடைச்சிக்கிச்சி. எறங்கி வாரிவுட்டுட்டு அப்புறம் சாப்புடு."

நைனா திரும்பி, "மாஸ்க் இருக்குதா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷ வேலைக்கு இன்னா மாஸ்க்கு? எறங்குய்யா."

நைனா கேரியரை வாங்கிச் சுவரோரம் வைத்தார். "நீ கெளம்பு, லேட்டாய்டும்" என்றார். நாம் கிளம்பினோம்.

ஒத்திகையில் என் முறை வந்து பாடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே நீங்கள் கேமராவை இறக்கிவிட்டீர்கள். என்னை ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நீங்கள்தான். தொட்டியில் நச்சுவாயு. நாம் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிவதற்குள்ளேயே பேச்சு பரவிவிட்டது. "குடிச்சிட்டு தானா போய் விழுந்துட்டான்." யாரும் இறங்கச் சொல்லவில்லை என்று போலீசிடம் மேஸ்திரி சொன்னார். கூட வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேமரா இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தீர்கள்.

"அவரு மாஸ்க் கேட்டது, மேஸ்திரி எறங்கச் சொன்னது, எல்லாம் எங்கிட்ட இருக்குதும்மா. போலீஸ்ல குடுத்தா ஸ்கூல்ல என் படத்த நிறுத்திடுவாங்க. அது என் கவலை. ஆனா உங்களுக்கும் தொந்தரவு வரும். நீங்க சொல்லுங்க."

பள்ளி நிகழ்ச்சிக்குப் பந்தலிலிருந்து மைக் செட் வரை செய்துகொடுத்தது அந்த டேனரி முதலாளிதான். அம்மாவுக்கும் அது தெரியும்.

"அந்த மனுஷன் குடிச்சி நான் பாத்ததே இல்ல. அத நான் சொன்னா யாரு நம்புவாங்க? குடுத்துடும்மா."

கொடுத்தீர்கள். மறுநாளே பள்ளிக்குள் உங்களை விடவில்லை. அதுவரை எடுத்த எதையும் வெளியிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். என்னைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இந்த நேரத்துல நீ பாட வேணாம்மா. அம்மாவப் பாத்துக்கோ" என்று அன்பாகவே சொன்னார். கூடப் பாடிய ஒருத்தி, "உன்னாலதான் எங்க படம் போச்சு" என்றாள். அவள் முகமும் அந்தப் படத்தில் இருந்தது. அவளும் அதற்காகக் காத்திருந்தாள்.

நிகழ்ச்சியன்று சாயங்காலம் நாம் இருவரும் பள்ளி மதிலுக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டோம். சிறப்பு விருந்தினராக முதலாளி பேசினார், கைதட்டினார்கள். பிறகு பாட்டு. என் இடத்தை வேறொருத்தி பாடினாள். மேலே போகும்போது அவள் குரல் உடையவில்லை.

"நல்லாப் பாடுறா" என்றேன்.

"ஆமா" என்றீர்கள். அன்றைக்கு ஆறுதல் சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேறி வேலூருக்கு வந்தீர்கள். "பாட்டைப் படம் எடுக்க வந்தவங்களுக்கு டேனரில இன்னா வேலை?" என்று அவர்கள் வக்கீல் கேட்டார். "சாப்பாடு கொண்டு போன பொண்ணு பின்னாடி போனேன் சார்" என்றீர்கள். கடைசி வருடம் முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தீர்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

தீர்ப்பில் மேஸ்திரிக்கு மட்டும் தண்டனை. மேல்முறையீட்டில் ஜாமீன் வாங்கி இப்போது வேறொரு டேனரியில் இருக்கிறார். முதலாளியின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் இறந்தவர் குடித்திருக்கவில்லை, சொன்னதால்தான் இறங்கினார் என்று ஒரு வரி இருந்தது. கோர்ட் வாசலில் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "இனிமே எவனும் குடிகாரன் பொண்டாட்டின்னு சொல்ல மாட்டான்" என்றாள். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் படம் முடியவே இல்லை. நானும் அதற்குப் பிறகு பாடவில்லை.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தொட்டியில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. கேன்டீனில் ஒருவர், "குடிச்சிட்டு எறங்கியிருப்பான்" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறந்தவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். என் நைனாவைப் பற்றிச் சொன்னேன். "அவர் எறங்குனத யாராவது பாத்தாங்களா? போன்ல ஏதாவது எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கலக்கா" என்றாள். பிறகு, "அவரு குடிக்க மாட்டாருக்கா" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

உங்களிடம் இருந்ததுபோல் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.