டீச்சரை நிறுத்த வேண்டாம்

மருமகளுக்கு,

மூக்குக்கண்ணாடி வாங்கப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு டியூஷன் டீச்சர் வருவார். "நீச்சல் சொல்லிக் குடுத்தவங்களுக்குக் கணக்கு என்ன தெரியும்? நாளையோட நிறுத்து" என்று நேற்றுக் காலை நான் குதித்தேன். அப்போது தூக்கி வைத்த முகத்தை நீ இன்னும் இறக்கவில்லை.

மாலையில் அவரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். "தண்ணிக்குப் பயப்படுற குழந்தைய நான் தள்ளிவிட மாட்டேன் சார். இன்னொருத்தருக்கு நீயே சொல்லிக் குடுன்னு விட்டுடுவேன். பயம் தானா ஓடிடும். கணக்கும் அப்படித்தான்" என்றார். உடனே உன் மகள், "தாத்தா, ஒழுங்கா உக்காருங்க. பின்னம் நான் நடத்துறேன்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கணக்கு என்றாலே மேசைக்கடியில் ஒளிகிறவள்! வீட்டுப்பாடம் வேறு கொடுத்திருக்கிறாள்.

ஆகவே டீச்சரை நிறுத்தாதே. நம் குடும்பத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர் ஒருவரும் இல்லை. நானும் விடுவதாக இல்லை.

மாமா

பி.கு.: வீட்டுப்பாட நோட்டு மேசை மேல் இருக்கிறது. மூன்றாவது கணக்கு மட்டும் உதைக்கிறது. விடையைத் துண்டுத் தாளில் எழுதி என் தலையணைக்கடியில் வை. உன் மகளிடம் மூச்சு விடாதே. குடும்ப மானம்.