மச்சான், உம் மருந்தை எலிகள் சாப்பிட்டுப் பார்த்தன

என் அருமை மச்சான்,

நீர் போய்ச் சேர்ந்த இடத்தில் கிண்டல் செய்ய ஆள் கிடைக்காமல் தவிப்பீர். அதனால் நானே ஒரு சேதி தருகிறேன். உம் சர்க்கரை மருந்துக்கான வரிசையில் எலிகள் என்னை முந்திவிட்டன.

எல்லாம் என் மகள் செல்வியின் வேலை. ஆவாரம்பூவும் நாவல்கொட்டையும் இடித்து, முத்துச்சிப்பியைப் புடம் போட்டுச் சேர்த்துத் தருவீரே, அதைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். கெடுதல் செய்யுமா என்று எலிகளிடம் பார்க்க வேண்டுமாம். அதுவரை எனக்கு டாக்டர் மாத்திரைதான்.

உம் தங்கை பொங்கிவிட்டாள். "ஏளா, துறைமுகத்துல பாதிப் பேரு எங்க அண்ணன் மருந்து சாப்ட்டவுக. அவுகளவிட எலி பெருசா?"

"அவுக கிட்னிய மாமா தொறந்து பாக்கலையேம்மா."

எலிக்கு ஏதாவது ஆனால் உம் பெயர் என்னாவது? உம்மிடம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் என்னாவது? அதில் முதல் ஆள் நான்தானே!

முடிவு தெரியும் நாளில் நானும் போனேன், எலிகளுக்குக் கொஞ்சம் மக்ரூன் இனிப்போடு. செல்வி வாசலிலேயே மடக்கினாள்.

"இது எலிக்கா, ஒங்களுக்கா?"

"எலிக்குத்தான்ளா."

"அதுங்க இல்லப்பா. ஈரலையும் கிட்னியையும் எடுத்துத்தான் பாக்கணும்."

பத்தாவதைத் தாண்டாத எனக்கு அது தெரியவில்லை. பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

பிறகு சொன்னாள். நீர் கொடுத்த அளவில் எலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. பல மடங்கு கொடுத்தவற்றின் சிறுநீரகம்தான் கெட்டிருந்தது. நான் கரண்டியைத் தூக்கும்போதெல்லாம், "ஓய் மாப்பிள்ள, இது மருந்து வே, சுண்டல் இல்ல" என்று கையைத் தட்டிவிடுவீரே, ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன், அந்த அளவை எங்கே பிடித்தீர்?

வீட்டில் உம் தங்கை, "எங்க அண்ணன் அளந்துதான் கொடுத்தான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். மகளுக்கு வாளைமீன் பொரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. "இது எலி சொன்ன பதில்தாம்மா. மனுசங்ககிட்ட இன்னும் கேக்கல."

சரிதானே மச்சான்? அதுகளும் உயிரைக் கொடுத்துத்தான் பதில் சொல்லியிருக்கின்றன. அந்தப் பக்கம் வந்தால் விரட்டாதேயும்.

மனிதர்களிடமும் பார்த்து முடியும்வரை மாத்திரையை ஒழுங்காக விழுங்குவேன். அப்புறமும் டாக்டர் சரி என்றால், நீர் காட்டிய அளவு மட்டும். அவசரப்பட்டு அங்கே வந்து உம்மிடம் திட்டு வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
உம் பங்குத் திட்டையும் உம் தங்கையிடமே வாங்கிக்கொண்டிருக்கும்
மாப்பிள்ளை